நெல்லைப் பக்கம் பறவை பார்க்க எந்த மாதம், எந்தக் குளம்?

கேள்வி இது: "வேலை மாற்றலாகி வண்ணார்பேட்டைக்குக் குடிவந்திருக்கிறோம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பறவை, விலங்கு என்றால் உயிர். செப்டம்பரில் கூந்தன்குளம் போனோம். குளம் காய்ந்து கிடந்தது, நாலைந்து கொக்கும் மைனாவும்தான் இருந்தன. சரணாலயம் என்பது பெயரளவில்தானா? எப்போது, எங்கே போனால் பார்க்கலாம்? காட்டுக்குள் போக வேண்டுமா? என்ன பைனாகுலர் வாங்குவது?"

கூந்தன்குளம் பெயரளவுச் சரணாலயம் இல்லை. நீங்கள் போன மாதம்தான் அதற்கு ஏற்றதில்லை. தென்னிந்தியாவில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும் முக்கியமான இடங்களில் அது ஒன்று. 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், பிறகு உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. ஆனால் அங்கே பறவை வருவதும் வராததும் குளத்தில் கிடக்கும் தண்ணீரைப் பொறுத்தது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

நெல்லைச் சீமையில் பெரிதும் சிறிதுமாக ஆயிரத்துக்கும் மேல் குளங்கள் இருக்கின்றன. பறவை பார்க்கிறவர்கள் அவற்றை இரண்டு வகையாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. தாமிரபரணியின் அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வாங்கும் குளங்கள் ஒரு வகை. கன்னடியன், நதியுண்ணி, சுத்தமல்லி, மருதூர் என்று ஒவ்வொரு அணைக்கட்டுக்குக் கீழும் குளங்கள் வரிசையாகக் கிடக்கும். மலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஜூன், ஜூலையிலேயே கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விடுவார்கள். அதனால் இந்தக் குளங்களில் செப்டம்பரிலும் ஓரளவு தண்ணீர் கிடக்கும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் குளங்கள் இன்னொரு வகை. அவை வடகிழக்கு மழையை நம்பியவை. மணிமுத்தாறு அணை வந்த பிறகு அதன் கால்வாய்த் தண்ணீரும் சில குளங்களுக்குப் போகிறது. கூந்தன்குளம் இந்த இரண்டாவது வகை. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து, கால்வாயிலும் தண்ணீர் வந்தால்தான் அது நிரம்பும். செப்டம்பர் அதற்கு வறண்ட காலம். அதே நாளில் அம்பாசமுத்திரம் பக்கம் போயிருந்தால், கார் வயல்களில் நத்தை குத்தி நாரைகள் வரிசையாக இரை பொறுக்குவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

அடுத்தது தண்ணீரின் ஆழம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பறவைப் படங்களை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் ஒரே குளத்தை, நிரம்பி மறுகால் பாய்வதிலிருந்து (உபரி நீர் வழிவதிலிருந்து) காய்ந்து வெடிப்பு விடும்வரை தொடர்ந்து பாருங்கள் என்றுதான் நான் யாருக்கும் சொல்வேன்.

குளம் நிரம்பி மறுகால் பாயும்போது பறவை அதிகம் இருக்கும் என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி இருக்காது. ஆழத் தண்ணீரில் இரை தேடத் தெரிந்தவைதான் அப்போது இருக்கும். முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகம், கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்தும் பாம்புத்தாரா, சின்னஞ்சிறு முக்குளிப்பான், கூட்டமாகச் சேர்ந்து மீனை வளைத்து அள்ளும் கூழைக்கடா ஆகியவை. நாரைக்கு அங்கே நிற்க இடம் கிடையாது. மஞ்சள் மூக்கு நாரை தண்ணீரில் நின்று, அலகைத் திறந்தபடி உள்ளே விட்டுத் துழாவும். மீன் பட்டதும் அலகு சட்டென்று மூடிக்கொள்ளும். கால் ஊன்ற முடிந்த ஆழத்தில்தான் இந்த வேட்டை நடக்கும்.

நீர் கொஞ்சம் இறங்கி, ஓரங்களில் பாசியும் அல்லியும் படர்ந்ததும் குளம் களைகட்டும். நாமக்கோழியும் நீலத்தாழைக்கோழியும் கோரைக்குள்ளிருந்து வெளியே வரும். அல்லி இலைமேல் இலைக்கோழி நடந்து திரியும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டை அலகை வைத்துத் தண்ணீரைச் சலித்துத் தின்னும் ஆண்டி வாத்து எல்லாம் வந்து இறங்குவது இந்தக் கட்டத்தில்தான். இந்த வாத்துகள் ஆழமாக முங்குவதில்லை. வாலைத் தூக்கிக் கவிழ்ந்து, கழுத்து எட்டும் ஆழத்தில் மேய்வதே அவற்றின் வழக்கம். எனவே நடுக்குளத்தை விட்டுவிட்டு, ஆழம் குறைந்த மேற்கு ஓரத்தில் தேடுங்கள்.

அடுத்த நெல் பருவமான பிசானப் பயிருக்கு மடை திறந்து திறந்து, தை, மாசியில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்துவிடும். பல குளங்களுக்கு இதுதான் உச்சக் காலம். பரந்து கிடந்த மீனெல்லாம் குறைந்த நீரில் நெருக்கமாகச் சேர்ந்திருக்கும். கரண்டிவாயன்கள் வரிசையாக நின்று தலையை இடமும் வலமும் ஆட்டிச் சேற்றைத் துழாவும். வெள்ளை அரிவாள் மூக்கன், சாம்பல் நாரை, பெரிய கொக்கு, சின்னக் கொக்கு எல்லாம் ஒரே பார்வையில் அகப்படும். பெரிய நாரைகளும் கூழைக்கடாவும் மழைக்குப் பிறகு கூடு கட்டத் தொடங்குவதற்கும் இதோடு தொடர்பு உண்டு. குஞ்சுகள் வளர்ந்து அதிகம் தின்னும் வாரங்களில் சுற்றுவட்டாரக் குளங்கள் வற்றிக்கொண்டிருந்தால் மீன் பிடிப்பது எளிது. கூந்தன்குளத்து நாரை கூந்தன்குளத்தில் மட்டும் இரை எடுப்பதில்லை. சுற்றியுள்ள குளங்களுக்கும் வயல்களுக்கும் பறந்து போய் இரை கொண்டுவந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது. ஆகவே ஒரு சரணாலயத்துக்கு மட்டும் வேலி போட்டு இந்தப் பறவைகளைக் காப்பாற்றிவிட முடியாது. பக்கத்து ஊர்க் குளம் மேடிட்டுப் போனாலும், அங்கே கட்டடக் கழிவைக் கொட்டினாலும், இங்கே கூட்டிலிருக்கும் குஞ்சின் வயிறு காயும். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். நம் ஊர்க் குளங்கள் ஒன்றையொன்று நம்பிக் கிடப்பவை. மறுகால் தண்ணீர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவதுபோலவே பறவையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வருகிறது.

இன்னும் வற்றிச் சேறு தெரிந்தால், சேற்றோரம் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்களின் முறை. சிவந்த நெட்டைக் காலோடு நிற்கும் பவளக்கால் உள்ளானைப் பிள்ளைகளே அடையாளம் சொல்லிவிடுவார்கள். மற்ற உள்ளான்கள் பழகப் பழகத்தான் பிடிபடும், அவசரப்பட வேண்டாம். கடைசியில் குளம் வெடித்துப் புல் முளைத்த பிறகும் வேலை முடிந்துவிடாது. ஆள்காட்டி வெறுந்தரையில், கல்லோடு கல்லாக முட்டை இட்டிருக்கும். வானம்பாடி மேலே எழும்பிப் பாடும். தயவுசெய்து காய்ந்த குளத்துக்குள் பைக்கை விடாதீர்கள். முட்டை கண்ணுக்குத் தெரியாது, மிதித்த பிறகுதான் தெரியும்.

சரி, மாதக் கணக்குக்கு வருகிறேன். வலசை வரும் வாத்தும் உள்ளானும் வேண்டுமென்றால் நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. கூடும் குஞ்சும் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரி பிற்பகுதி தொடங்கி மே வரை. மழை தவறிய ஆண்டில் கூந்தன்குளத்தில் கூடு வைக்காமலேயே பறவைகள் போய்விடும். அதனால் கிளம்பும் முன் அந்தப் பக்கத்தில் தெரிந்தவர் யாரிடமாவது, "அண்ணாச்சி, குளத்துல தண்ணி எவ்வளவு கிடக்கு?" என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது உத்தமம்.

கூந்தன்குளம் திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அங்கே குளத்தைப் போலவே ஊரையும் பார்க்க வேண்டும். வீட்டு முற்றத்து மரங்களில்கூடக் கூடு இருக்கும். எச்சமும் மீன் நாற்றமும் மாதக்கணக்கில் இருந்தாலும் மக்கள் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. பறவைகள் வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. பறவை மிரளும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழும் குஞ்சை எடுத்து வளர்த்து விடுவதும் உண்டு. எச்சம் கலந்த வண்டலை வயலுக்கு உரமாக அடிக்கிறார்கள். அரசு சரணாலயமாக அறிவிப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அந்த ஊர் மக்கள் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். அடுத்தாற்போல் இருக்கும் காடன்குளத்தையும் விட்டுவிடாதீர்கள்.

அங்கே குளிர்காலத்தில் கட்டாயம் தேட வேண்டியது வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். மங்கோலியா, திபெத் பக்கத்து உயர்ந்த ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி வருகிற பறவை இது. அந்த உயரத்தின் மெல்லிய காற்றில் பறப்பதற்கேற்ற ரத்தமும் நுரையீரலும் அதற்கு அமைந்திருக்கின்றன. பகலில் பெரும்பாலும் குளத்துத் திட்டில் கூட்டமாக ஓய்வெடுக்கும், இருட்டிய பிறகு மேயப் போகும். அதனால் பகலில் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார விடுவதுதான் நாம் அதற்குச் செய்யக்கூடிய பெரிய உதவி. போட்டோவுக்காகக் கிட்டே போய் எழுப்பிவிட்டால், மிச்சம் பிடித்து வைத்த தெம்பை அது வீணாகச் செலவழிக்க நேரும்.

வடக்கிலிருந்து வருபவை நீர்ப்பறவைகள் மட்டும் இல்லை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டும் பறவை. குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கி வரும். அக்டோபர் வாக்கில், இரவெல்லாம் பறந்த களைப்பில், ஊர் நடுவே வீட்டுத் தோட்டத்திலும் கார் ஷெட்டிலும்கூட விழுந்து கிடக்கும். பச்சை முதுகு, மஞ்சள் கலந்த வயிறு, குட்டை வாலின் அடியில் சிவப்பு, கண் வழியே கறுப்புப் பட்டை இருந்தால் அதுதான். காக்கையும் பூனையும் அண்டாமல், காற்று போகும் அட்டைப்பெட்டிக்குள் இருட்டாக வைத்து, சாயங்காலம் மரம் செறிந்த இடத்தில் விட்டால் பெரும்பாலும் பறந்துவிடும். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிடித்து வளர்க்கக் கூடாது, அது சட்டப்படி குற்றமும்கூட. இப்படியே மலை ஓடைகளுக்குச் சாம்பல் வாலாட்டி செப்டம்பர் வாக்கிலேயே வந்துவிடும். மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான், வேலி முள்ளில் இருந்து கத்தும் பழுப்புக் கீச்சான், மாங்குயில் எல்லாம் குளிர்காலத்து விருந்தாளிகள். மத்திய ஆசியாவிலிருந்து வரும் சோளக்குருவிகள் மாலையில் உடங்காட்டு (உடை முள்மரக் காடு) பக்கம் அடைவதற்கு முன் கூட்டமாகச் சுழன்று பறப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அதற்குப் பைனாகுலரே வேண்டாம்.

திருநெல்வேலிக்குள்ளேயே பழக வேண்டுமென்றால் டவுனில் நயினார்குளம் போதும், வண்ணார்பேட்டையிலிருந்து எளிதாகப் போய்வரலாம். புதிய பேருந்து நிலையத்தின் பக்கத்தில் வேய்ந்தான்குளமும் இருக்கிறது. ஆகாயத்தாமரை முழுக்க மூடிவிட்டால் பறவைக்கு நீர்ப்பரப்பே இல்லாமல் போகும் என்பதையும் இந்த டவுன் குளங்களில் நேரடியாகப் பார்க்கலாம். கொஞ்சம் தள்ளிப் போக முடிந்தால், நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணம் பெரியகுளம் கடல் மாதிரி விரிந்து கிடக்கும்.

வீரவநல்லூருக்கு அருகே திருப்புடைமருதூர் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகப் பிடித்த இடம். கடனா நதி தாமிரபரணியோடு சேரும் கரையில் நாறும்பூநாதர் கோயில், அதை ஒட்டிப் பழைய மருத மரங்கள், மேலே கொக்கும் நாரையும் நீர்க்காகமும். ஊர் மக்கள் முன்வந்ததால் 2005-ல் அதைக் காப்பிடமாக அறிவித்தார்கள். 'கன்சர்வேஷன் ரிசர்வ்' (Conservation Reserve) என்ற சட்டப் பிரிவில் நாட்டிலேயே முதலாவதாக வந்தது அதுதான். பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. இவ்வளவு சின்ன இடத்தையும் காக்கலாம், அதற்கு ஊர் மனசு வைத்தால் போதும் என்று அங்கே நிற்கும்போது புரியும்.

கூடு கட்டும் இடங்களில் ஒரு விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன். கூட்டு மரத்துக்கு அடியில் போய் நிற்காதீர்கள். தாய்ப்பறவை எழுந்து பறந்த அந்தச் சில நிமிடங்களில் காக்கையும் செம்பருந்தும் முட்டையை எடுத்துவிடும். நம்மூர் மாசி, பங்குனி வெயிலில் இறகு முளைக்காத குஞ்சால் நிழலில்லாமல் வெகுநேரம் தாங்க முடியாது. தாய் சிறகை விரித்து நிழல் கொடுப்பதை நீங்கள் தூரத்திலிருந்தே பார்க்கலாம். டிரோன் வேண்டவே வேண்டாம். போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டாம்.

காட்டு விலங்கு பற்றிக் கேட்டீர்கள். பிள்ளைகளோடு முதலில் மான் பார்க்கப் போங்கள். கங்கைகொண்டானில் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. தூத்துக்குடி சாலையில் வல்லநாட்டுக் குன்றில் வெளிமான் இருக்கிறது. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அதுதான். காலையில் சீக்கிரம் போக வேண்டும், வெயில் ஏறினால் முள்ளுக்குள் ஒதுங்கிவிடும்.

மலைக்கு என்றால் களக்காடு முண்டந்துறை. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988-ல் அறிவித்தது. புலியைப் பார்க்கும் எண்ணத்தோடு போகாதீர்கள். இது அடர்ந்த மழைக்காடு, பத்தடிக்கு அப்பால் இருப்பது தெரியாது. கருமந்தி, மலை அணில், அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சி ஆகியவற்றை எதிர்பார்த்துப் போனால் மனம் நிறைந்து வரலாம். சிங்கவால் குரங்கு மேலே கோதையாறு, காக்காச்சிப் பக்கத்துச் சோலைகளில் இருக்கிறது. பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு தலையணை மூன்றும் வழக்கமான வாசல்கள். மாஞ்சோலைப் பக்கம் மேலே போக வனத்துறை அனுமதி வேண்டும். தீப்பிடிக்கும் காலத்திலும் கணக்கெடுப்பு நாட்களிலும் வாசலை மூடுவது உண்டு, முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மலையடிவார ஊர்களில் விடியற்காலையும் அந்தி நேரமும் கரடி இறங்கும் நேரம். அந்த நேரத்தில் தோப்பு ஓரம் பிள்ளைகளோடு நடக்க வேண்டாம்.

பைனாகுலர்: 8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி உள்ளதை வாங்குங்கள். 20 மடங்கு, 30 மடங்கு என்று விற்பதைக் கையில் பிடித்தால் படம் ஆடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் தெரியாது. சின்னப் பிள்ளைக்கு எடை குறைந்த 8-க்கு 32 பொருந்தும். கேமராவை முதல் வருடம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. கேமரா வந்ததும் பறவையைப் பார்ப்பது குறைந்து, படத்தைப் பார்ப்பது கூடிவிடும். அதற்குப் பதில் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, குளம், தண்ணீர் எந்த அளவில் இருந்தது, என்ன பறவை, என்ன செய்துகொண்டிருந்தது என்று பிள்ளைகளே எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் அலகும் காலும் படம் வரைந்தால் போதும். கொஞ்சம் பழகியதும் அதே பட்டியலைப் பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றலாம்.

நிற்கும் இடம் பற்றி ஒன்று. நம் சீமையில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. ஆகவே பெரும்பாலான குளங்களின் கரை கிழக்கே இருக்கும், தண்ணீர் கரைக்கு மேற்கே நிற்கும். காலையில் கரைமேல் நின்றால் வெயில் உங்கள் முதுகுப் பக்கம், பறவை மேல் நேராக வெளிச்சம் விழும், நிறம் பளிச்சென்று தெரியும். சாயங்காலம் அதே கரையில் நின்றால் சூரியன் கண்ணில் அடிக்கும், எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும். எனவே கரையிலிருந்து பார்ப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் மட்டும் கரைமேல் பைனாகுலரை நிலையாகப் பிடிப்பது கஷ்டம், மரத்தடியோ மடைச் சுவரோ பார்த்து ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

கரையில் மாடு மேய்ப்பவர், மடை பார்ப்பவர், மீன்பாசி குத்தகைக்காரர் யாரைப் பார்த்தாலும் நின்று பேசுங்கள். எந்தப் பறவை எந்த மூலையில் அடைகிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். குளம் அவர்கள் பிழைப்பிடம் என்பதால் கேட்டுவிட்டு இறங்குவதுதான் மரியாதையும்கூட.

அப்புறம், தனியாகக் கற்பதைவிடக் கூட்டத்தோடு போனால் வேகமாகப் பிடிபடும். தாமிரபரணிப் படுகைக் குளங்களில் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் உள்ளூர் இயற்கை ஆர்வலர்களோடு சேர்ந்து 2011-லிருந்து இதை நடத்துகிறது. தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள், புதியவர்களுக்கு முன்பே பயிற்சி வகுப்பும் வைப்பார்கள். டிசம்பரிலேயே விசாரித்துப் பெயர் கொடுத்துவிடுங்கள். அதுவரை வாரம் ஒரு காலை நயினார்குளம் போய்வாருங்கள். அங்கே கொக்கு வகைகளையும் நீர்க்காகத்தையும் பிரித்துச் சொல்லப் பிள்ளைகள் பழகிவிட்டால், பயிற்சி வகுப்பில் சொல்வது அவர்களுக்குச் சுலபமாகப் புரியும்.